தினம் காலையில் மறந்துபோகும் கார்

அத்தியாயம் மூன்று

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கே ஃப்ரெஸ்னோ நகரம் கொதிக்க ஆரம்பித்திருந்தது. பெரோஷ்கி என்ற இறைச்சிப் பன் பொரிக்கும் கடையின் மாடியில், 'அர்மேனாக் துதுஞ்சியன், துப்பறிவாளர்' என்று பித்தளையில் பொறித்த பலகைக்குப் பின்னால், மேற்படி துதுஞ்சியன் கோட்டு, உள்கோட்டு, டை சகிதம் உட்கார்ந்து வியர்த்துக்கொண்டிருந்தார். ஒழுங்காக உடுத்தியவனைப் பார்த்தால்தான் குற்றம் பயப்படும் என்பது அவர் கொள்கை. காணாமல்போன உலர்திராட்சை வழக்கு முடிந்து பதினோரு நாளாகியிருந்தது (திராட்சையைப் புகார் கொடுத்தவரே தின்றிருந்தார்). அதற்குப் பிறகு மாடிப்படி ஏறி வந்தது எண்ணெய் வாசனை மட்டும்தான்.

அன்றைக்கு ஒரு பெண் ஏறி வந்தாள். முப்பது வயதிருக்கும். மருத்துவமனைச் சீருடை. கையில் மூன்று காகிதங்கள்.

"கொலையா?" என்றார் துதுஞ்சியன் ஆவலாக.

"இல்ல சார்."

"ஆள் கடத்தல்?"

"ஸ்மாக் டெஸ்ட் சார். புகைச் சோதனை."

துப்பறிவாளரின் மீசை அரை அங்குலம் இறங்கியது. காப்பிக் கோப்பையைத் தூக்கி ஒரு வாய் குடித்துவிட்டு, மறுபடி அதன் இடத்திலேயே வைத்தார். அதன் இடம், வண்டிப் பதிவு அலுவலகத்திலிருந்து வந்த பிரிக்கப்படாத ஓர் உறை. மூன்று மாதமாக அந்த உறைக்கு அதுதான் வேலை. அதன்மேல் காப்பி வட்டங்கள் ஒன்றோடொன்று பின்னி ஏதோ நாட்டுக் கொடி மாதிரி ஆகியிருந்தன.

அறை மூலையில் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்த மைசீ தாவ் நிமிர்ந்தாள். உதவியாளர். துதுஞ்சியனிடம் சேருவதற்கு முன் பதினோரு வருஷம் கார் உதிரிபாகக் கடையில் நின்றவள். நின்ற காலத்தில் அவள் கேட்காத பொய் இல்லை.

"என்னம்மா, ஃபெயில் ஆயிருச்சா?"

"ஃபெயில் ஆனாத்தான் பரவாயில்லையே! எதைச் சரிபண்ணணும்னாவது தெரியும். 'தயார் இல்லை'ன்னு வருது. செவ்வாய், புதன், இன்னிக்கு. மூணு நாளும்."

"யார் தயார் இல்லை?" என்றார் துதுஞ்சியன். "நான் எப்பவும் தயார்."

மைசீ விதைத் தொலியைக் குவளையில் துப்பிவிட்டு விளக்கினாள். "பாஸ், காருக்குள்ள ஒரு கம்ப்யூட்டர் இருக்கு. வண்டி ஓடும்போது, புகையைச் சுத்தம் பண்ற உறுப்பையெல்லாம் அதுவே சோதிச்சுப் பார்த்து, 'இது பார்த்தாச்சு, அது பார்த்தாச்சு'ன்னு டிக் போட்டுக்கும். டெஸ்ட்காரர் முதல்ல அந்த டிக்கைத்தான் பார்ப்பாரு. யாராவது அதை அழிச்சுட்டா கார் திரும்ப முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். நல்ல கார்தான். ஆனா நேத்து என்ன நடந்துச்சுன்னு கேட்டா முழிக்கும்."

துதுஞ்சியன் கண்களை மூடினார். முக்கியமான உண்மை வாயிலிருந்து வெளிவரும்போதெல்லாம் அவர் கண்ணை மூடிக்கொள்வார், வெளிச்சம் பட்டால் அது கெட்டுவிடும் என்பதைப்போல.

"அப்படியானால் யாரோ தினமும் ஒரு நினைவைக் கொலை செய்கிறார்கள்," என்றார். "நான் முதலில் சொன்னது சரி. இது கொலைதான். வழக்கை எடுத்துக்கொள்கிறேன்."

வந்தவள் பெயர் லொரேனா மத்ரிகால். நாற்பத்தைந்து மைல் தள்ளி விசாலியாவில், சிறுநீரகம் பழுதானவர்களுக்கு ரத்தம் சுத்திகரிக்கும் இடத்தில் வேலை. மதியம் இரண்டு மணி ஷிஃப்ட். குடியிருப்பது 'பாதாம் பூ எஸ்டேட்ஸ்'. அதாவது, பாதாம் மரங்களையெல்லாம் வெட்டிவிட்டு அவற்றின் பெயரை வைத்துக்கொண்ட குடியிருப்பு.

"எங்க குடியிருப்புச் சங்கத் தலைவர் ஆரஞ்சு கலர் நோட்டீஸ் ஒட்டிட்டாரு சார். நாளைக்குப் பகல் பன்னெண்டு மணிக்குள்ள நம்பர் பிளேட்டுல புதுப் பதிவு ஸ்டிக்கர் இல்லேன்னா, கேட்டுக்குள்ள காரைப் பார்த்ததுமே இழுத்துட்டுப் போயிருவாங்களாம். டெஸ்ட் பாஸ் ஆனாத்தான் பதிவைப் புதுப்பிச்சு ஸ்டிக்கர் தருவாங்க. பதிவு ஆபீஸ்ல கொடுத்த தற்காலிகச் சீட்டும் நாளையோட முடியுது. ரோட்டுலயும் ஓட்ட முடியாது." கையிலிருந்த காகிதங்களைச் சுருட்டினாள். "பஸ் கிடையாது. நான் பார்த்துக்கற மெஷின்கள்ல தினம் பதினாறு பேரோட ரத்தம் சுத்துது சார். இன்னொரு நாள் வரலேன்னா வேற ஆள் போட்டுருவேன்னு மேனேஜர் சொல்லிட்டாரு."

"யார் மேல் சந்தேகம்?"

"யார் மேலயும் இல்ல. எல்லாரும் நல்லவங்க."

"அதுதான் சந்தேகத்துக்குரியது," என்று துதுஞ்சியன் தொப்பியை எடுத்தார்.

* * *

துதுஞ்சியனின் காரும் லொரேனாவின் காரும் ஒரே கம்பெனி, ஒரே வெள்ளை, ஏறக்குறைய ஒரே வயது. ஃப்ரெஸ்னோவில் கண்ணை மூடிக்கொண்டு கல்லெறிந்தால் அப்படி ஒரு கார் மேல்தான் விழும்.

புகைச் சோதனை நிலையம் நடத்தும் டெல்பர்ட் ஸ்டக்கி, மைசீயின் பழைய வாடிக்கையாளர். துதுஞ்சியன் நீட்டிய விசிட்டிங் கார்டில் கையின் கிரீஸைத் துடைத்துக்கொண்டார்.

"நான் அழிக்கல," என்றார் எடுத்த எடுப்பிலேயே. "அழிச்சது யாருன்னும் தெரியாது. ஆனா எங்க அழிச்சாங்கன்னு தெரியும். இந்தா, பேப்பர்லயே இருக்கே."

மூன்று காகிதங்களிலும் அடியில் ஒரு வரி இருந்தது. கடைசியாக அழித்தபின் ஓடிய தூரம்: இரண்டு மைல்.

துதுஞ்சியன் சட்டைப்பையிலிருந்து காம்பஸ் எடுத்தார். நகர வரைபடத்தைக் காரின் மூடிமேல் விரித்து, நிலையத்தை மையமாக வைத்து ஒரு வட்டம் போட்டார். "இந்த இரண்டு மைல் சுற்றுவட்டத்துக்குள் இருக்கும் எல்லா வீட்டுக் கதவையும் தட்டுவோம். சுமார் பதினாலாயிரம் கதவு. பொறுமைதான் துப்பறிவாளனின்..."

"லொரேனா," என்றாள் மைசீ, "உன் வீட்டுலேர்ந்து இங்க எவ்வளவு தூரம்?"

"ரெண்டு மைல்."

துதுஞ்சியன் வரைபடத்தை மடித்தார். "அதையேதான் நானும் சொல்ல வந்தேன்."

"அப்போ ராத்திரி வேலையிலேர்ந்து வர்றப்போ காருக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு," என்றாள் மைசீ. "காலைல நீ கிளம்புறதுக்கு முன்னாடி, உன் வீட்டு வாசல்லயே யாரோ துடைச்சு விட்டுடறாங்க."

டெல்பர்ட் ஒரு பழைய ரசீதின் பின்னால் எழுத ஆரம்பித்தார். "இன்னிக்கு வேலைக்குப் போய்ட்டு வர்றதுலயே பாதிக்கு மேல டிக் விழுந்துரும். மிச்சம் நாளைக்குக் காலைல. ராத்திரி முழுக்க வண்டி நிக்கணும், எஞ்சின் ஜில்லுன்னு இருக்கணும். பெட்ரோல் அரை டேங்க். நிரப்பவும் கூடாது, காலியாவும் கூடாது. ஸ்டார்ட் பண்ணி ரெண்டு நிமிஷம் சும்மா விடு. அப்புறம் தொண்ணூத்தொம்பதாம் நம்பர் ஹைவே. அம்பத்தஞ்சு மைல் வேகம். அம்பத்தாறு இல்ல, அம்பத்தஞ்சு. பத்து நிமிஷம். அப்புறம் காலை எடுத்துடு. வண்டி தானா இருபதுக்கு இறங்கணும். பிரேக்கைத் தொடக் கூடாது. இப்படி மூணு தடவை. ஏசி போடக் கூடாது."

"ஏசி போடக் கூடாதா?" என்றார் துதுஞ்சியன். "நூற்றெட்டு டிகிரியில்?"

"காருக்கு வேர்க்காது சார்."

* * *

பாதாம் பூ எஸ்டேட்ஸின் வாசலில், முழங்கால் வரை சாக்ஸ் போட்ட ஒரு மனிதர் யாருடைய புல்லையோ ஸ்கேல் வைத்து அளந்துகொண்டிருந்தார். முதுகு விறைப்பு கொடிக்கம்பத்தை வெட்கப்படவைக்கும். சங்கத் தலைவர் பிரெஸ்காட் ஹால்வர்சன்.

"மூன்றேகால் அங்குலம்," என்றார் நிமிராமலே. "விதி மூன்று என்கிறது."

துதுஞ்சியனுக்கு அவரைப் பார்த்த நொடியிலேயே வழக்கு முடிந்துவிட்டது. லொரேனாவின் வாசலில் நின்ற காரின் மூடியைத் திறக்கச் சொன்னார். பேட்டரி முனையைப் பூதக்கண்ணாடியால் பார்த்தார். கண்களை மூடினார்.

"இந்த நட்டில் கீறல் இருக்கிறது. தினமும் அதிகாலையில் ஒருவர் வந்து பேட்டரியைக் கழற்றுகிறார். கார் நினைவிழக்கிறது. மறுபடி மாட்டுகிறார். இந்தக் காரை இங்கிருந்து அகற்றத் துடிப்பவர் ஒரே ஒருவர்." விரல் நீண்டது. "திரு. ஹால்வர்சன்!"

கண்ணைத் திறந்து பார்த்தபோது விரல் தபால்பெட்டியைக் காட்டிக்கொண்டிருந்தது. ஹால்வர்சன் இதற்குள் அடுத்த வீட்டுப் புல்லுக்குப் போயிருந்தார்.

"பாஸ்," என்றாள் மைசீ. அவள் காருக்குள் தலையை விட்டிருந்தாள். "மணி என்ன?"

"பத்து நாற்பத்திரண்டு. ஏன்?"

"கார் கடிகாரமும் பத்து நாப்பத்திரெண்டு காட்டுது. பேட்டரியைக் கழட்டியிருந்தா பன்னெண்டுலேர்ந்து திரும்ப ஆரம்பிச்சிருக்கும். லொரேனா, நீ இதைத் திருத்தி வச்சியா?"

"எனக்கு அதைத் திருத்தவே தெரியாது. கோடைக்காலம் முழுக்கத்தான் சரியா ஓடும். குளிர்காலத்துக்காக ஊரே மணியை மாத்தி வைக்கற மிச்ச நாலு மாசம் ஒரு மணி நேரம் தப்பு."

"அப்போ பேட்டரி இல்ல. சாவியைப் போட்டு, கீழ இருக்குற சாக்கெட்டுல கருவி செருகித்தான் அழிச்சிருக்காங்க. வேற சாவி இருக்கா?"

லொரேனா குரலைத் தாழ்த்தினாள். "ஒண்ணு இருக்கு. ரகசியமான இடம்."

வாசலில் அலங்காரத்துக்கு ஒரு சிமெண்ட் காடைப் பொம்மை நின்றது. மைசீ அதைத் தூக்கினாள். அடியில் சாவி இருந்தது.

"எப்படித் தெரிஞ்சுது?" என்று வியந்தாள் லொரேனா.

மைசீ தெருவைப் பார்த்தாள். ஒன்பது வீடு. ஒன்பது வாசலிலும் ஒன்பது சிமெண்ட் காடைகள்.

துதுஞ்சியன் இதற்குள் தரையில் மண்டியிட்டு, இடுக்கியால் எதையோ பொறுக்கிக் கண்ணாடிக் காகிதப் பைக்குள் போட்டிருந்தார். "சூரியகாந்தி விதைத் தொலி! எலுமிச்சை மிளகாய் மணம்! நம் குற்றவாளி விதை கொறிப்பவன்!"

மைசீ துப்பினாள். அவர் காலடியில் இன்னொரு தொலி விழுந்தது. "இந்த ஊர்ல என்னையும் சேர்த்து அஞ்சு லட்சம் பேர் கொறிக்கிறாங்க பாஸ். பையைப் பெருசா வாங்குங்க."

"சார், இன்னொண்ணு," என்றாள் லொரேனா. "முக்கியமான்னு தெரியல. தினம் காலைல சீட்டு மாறியிருக்கு. செவ்வாய்க்கிழமை உட்கார்ந்தா முழங்கால் ஸ்டீயரிங்ல இடிச்சுது. புதன்கிழமை கால் பெடலுக்கு எட்டல. இன்னிக்குச் சாய்மானம் நேரா நிமிர்ந்து நிக்குது, சர்ச் பெஞ்சு மாதிரி."

துதுஞ்சியன் மெல்ல எழுந்தார். கண்கள் மூடின. "ஒரு நாள் குள்ளம். மறுநாள் நெட்டை. மூன்றாம் நாள் விறைப்பு. தினமும் தன் உயரத்தையே மாற்றிக்கொள்ளும் ஒரு மாறுவேட மன்னனோடு மோதுகிறோம், மைசீ."

"இல்லேன்னா மூணு பேர்."

துதுஞ்சியன் முழங்காலில் ஒட்டிய மண்ணைத் தட்டினார்.

"அதுவும் ஒரு கோணம்," என்றார் துதுஞ்சியன்.

மைசீ ஓட்டுநர் பக்கத்து மிதியடியைத் தூக்கி உதறினாள். மஞ்சள் அட்டை ஒன்று நூலோடு விழுந்தது. 'எண் 14. எடுத்தால் எழுதவும், முடிந்தால் திருப்பி வைக்கவும்.'

"ஐயோ, இது தெருமுனைப் பெட்டியோடது!" என்றாள் லொரேனா.

* * *

தெருமுனையில் ஒரு கம்பத்தின் மேல், பறவைக்கூடு மாதிரி ஓடு வேய்ந்த மரப்பெட்டி இருந்தது. தெருக்காரர்கள் தங்களிடம் இருந்த கருவிகளைப் பொதுவில் போட்டு வைத்திருந்தார்கள். சுத்தியல், ரம்பம், ஏணிக்கு ஒரு பூட்டு (ஏணி யாரிடம் என்று தெரியவில்லை). பதினாலாம் எண், சோப்பு அளவில் ஒரு கார்க் கருவி. ஒரு முனையில் ஒயர், மேலே சின்னத் திரை, நடுவில் ஒரே ஒரு சிவப்புப் பொத்தான். அருகில் ஒரு நோட்டு, நூலில் கட்டிய பென்சில்.

மைசீ நோட்டைத் திறந்து சத்தமாகப் படித்தாள்.

"செவ்வாய், காலை 6.10. எண் 14. டார்லீன், வீடு ஆறு. காரணம்: லொரேனாவுக்கு உதவி. அவளிடம் சொல்ல வேண்டாம்.

"புதன், காலை 6.05. எண் 14. கஸ், வீடு ஒன்பது. காரணம்: லொரேனாவுக்கு உதவி. இது வேறு யாருக்கும் தோன்றியிருக்காது.

"வியாழன், காலை 5.58. எண் 14. பி.ஹ., வீடு ஒன்று. காரணம்: உதவி. தனிப்பட்ட முறையில். தலைவர் என்ற முறையில் அல்ல."

மூவரும் திரும்பினார்கள். ஸ்கேலோடு நின்றிருந்த ஹால்வர்சன் சிவந்து போனார். ஆனால் வளையவில்லை.

"நீங்களா?" என்றாள் லொரேனா. "நோட்டீஸ் ஒட்டினதே நீங்கதானே!"

"ஒட்டினது தலைவர். விதி விதிதான். காலைல ஆறு மணிக்கு நான் பக்கத்து வீட்டுக்காரன். அந்த ரெண்டு பேருக்கும் நடுவுல பேச்சுவார்த்தை கிடையாது."

"ஆனா ஏன் அழிச்சீங்க?"

"சுத்தமா இருக்கட்டும்னுதான்! கம்ப்யூட்டர்ல பழைய குறையெல்லாம் சேர்ந்திருக்கும் இல்லையா? டெஸ்ட்டுக்குப் போறதுக்கு முன்னாடி துடைச்சு அனுப்பினா வெள்ளைத்தாள் மாதிரி போகும். இது எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம். நானே எழுதியிருக்கேனே."

சங்கத்தின் மாத மடலைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். 'பசுமைக் குறிப்பு ஏழு: புகைச் சோதனைக்கு முன் கருவி எண் 14ஐச் செருகி அனைத்தையும் அழிக்கவும். சுத்தமான கம்ப்யூட்டர், சுத்தமான காற்று.' கீழே அவருடைய பெயர், பதவி, புகைப்படம்.

"ஐயா," என்றாள் மைசீ பொறுமையாக, "பரீட்சை எழுதின பேப்பரை, வாத்தியார் பார்க்கறதுக்கு முன்னாடி ரப்பர் வச்சுத் துடைச்சுக் கொடுத்தா எத்தனை மார்க் வரும்?"

ஹால்வர்சன் யோசித்தார். அவருடைய ஸ்கேல் மெல்லக் கீழே இறங்கியது. "இந்த மடல் இருநூறு வீட்டுக்குப் போகுது," என்றார் வேறு யாருடைய குரலிலோ.

"அப்போ நோட்டீஸைக் கிழிச்சிருங்களேன்," என்றாள் லொரேனா.

"அது தலைவர்கிட்ட கேட்கணும்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "அவர் ஒத்துக்க மாட்டாரு," என்றார்.

மைசீ கருவியைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். "ஆதாரம் பாஸ். நாளைக்கு வரைக்கும் இது என்கிட்டயே இருக்கட்டும்."

* * *

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணி. பெட்டியில் கருவியைக் காணாத டார்லீனும் கஸ்ஸும் லொரேனாவின் வாசலுக்கே வந்துவிட்டார்கள். டார்லீன் ஒரு பெட்டி டோனட் கொண்டுவந்திருந்தாள். ஆறரை அடி கஸ், ஒரு ஸ்பானர்.

"மைசீ சொன்னதை ஹால்வர்சன் இப்பத்தான் சொன்னாரு, புரிஞ்சுது," என்றார் கஸ். "கருவி வேணாம். பேட்டரியை மட்டும் லேசா ஒரு தடவை கழட்டி..."

"அதைத் தொட்டீங்கன்னா," என்றாள் மைசீ, "உங்களைக் கழட்டிருவேன் கஸ்."

டோனட் மட்டும் ஏற்றுக்கொள்ளப்பட்டது.

ஒன்பது மணிக்கு லொரேனா சாவியைத் திருப்பினாள். இரண்டு நிமிஷம் வண்டி சும்மா நின்றது. தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. ஹால்வர்சன் தன் வாசலில் ஸ்டாப்வாட்சோடு. அது தலைவரா, பக்கத்து வீட்டுக்காரரா என்று யாருக்கும் தெரியவில்லை.

துதுஞ்சியன் லொரேனாவின் பக்கத்து இருக்கையில், முழு உடையில். "சாட்சியோடு நான் இருப்பேன்," என்றிருந்தார். பின்னால் துதுஞ்சியனின் காரில் மைசீ, நான்கு விளக்கும் சிமிட்ட, கவசம் மாதிரி.

ஐம்பத்தைந்து என்பது அந்த ஹைவேயில் ஒரு வேகமே அல்ல. அது ஒரு நோய். தக்காளி ஏற்றிய லாரி ஒன்று ஹாரனை அழுத்திக்கொண்டே தாண்டிப் போனது. கோழி ஏற்றிய லாரி ஒன்று தாண்டியது. கோழிகள்கூடத் திரும்பிப் பார்த்தன. வீல்சேர் ஏற்றிய வேன் தாண்டியபோது அதிலிருந்த தாத்தா ஏதோ சைகை செய்தார்.

"அது வாழ்த்தா?" என்றார் துதுஞ்சியன்.

"இல்ல சார்."

ஜன்னலைத் திறந்தால் அடுப்பு. மூடினால் அடுப்புக்குள். நாலாவது மைலில் டை இறங்கியது. எட்டாவது மைலில் கோட்டும் உள்கோட்டும். முதல்முறை லொரேனா காலை எடுத்தபோது கார் ஐம்பது, நாற்பது, முப்பது என்று பெருமூச்சு விட்டுக்கொண்டே இறங்கியது. ஹைவேயை விட்டு இறங்கும் சரிவுப் பாதையின் முடிவில் சிவப்பு விளக்கு. துதுஞ்சியன் இரண்டு காலாலும் தரையை மிதித்தார். அவர் பக்கம் பிரேக் இல்லை என்பதை அவர் கால் நம்பவில்லை.

"பச்சை வரும் சார். வரும். வரணும்."

இருபத்திரண்டு. இருபத்தொன்று. பச்சை.

"மூன்று தடவை என்றா சொன்னார்?" என்றார் துதுஞ்சியன் ஈனக்குரலில்.

* * *

பத்தே முக்காலுக்கு டெல்பர்ட்டின் நிலையம். பின்னாலேயே ஒரு காரில் டார்லீன், கஸ், ஹால்வர்சன். இழுவை லாரிக்குப் பன்னிரண்டு மணிக்கு வரச் சொல்லியிருப்பதாக ஹால்வர்சன் நினைவூட்டினார். ரத்தாகிவிட வேண்டும் என்று தான் பிரார்த்தித்துக்கொண்டிருப்பதாகவும் சொன்னார்.

டெல்பர்ட் காரை உள்ளே எடுத்துக்கொண்டார்.

சுற்றி ஆட்கள் நிற்பதைத் துதுஞ்சியன் கவனித்தார். இருபது வருஷத் தொழிலில் அவருக்கு முன்னால் சந்தேகத்துக்குரியவர்கள் வரிசையாக நின்றது இதுவே முதல்முறை. திராட்சை வழக்கில் ஒருவர்தான், அவரும் மென்றுகொண்டிருந்தார். டையைத் திரும்பக் கட்டினார். சோதனைக் கொட்டகையின் வாசலில், காருக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார். கண்களை மூடினார்.

"நண்பர்களே. இந்த வழக்கு என்னிடம் வந்தபோது எல்லோரும் இதை ஒரு கார் என்று நினைத்தார்கள்..."

தன் பிறப்பிலிருந்து ஆரம்பித்தார். தாத்தா எந்தக் கப்பலில் வந்தார் என்பதைத் தொட்டார். இரண்டு மைல் வட்டத்தைத் தான் எப்படி மனதிலேயே வரைந்தார் என்பதை விளக்கினார். கடிகாரத் துப்பைத் தானே கண்டுபிடித்தார். மாறுவேட மன்னனைத் தான் ஒரு கணமும் நம்பவில்லை என்றார். அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு கார் கிளம்பிப் போகும் சத்தமும், இன்னொரு கார் உள்ளே வரும் சத்தமும் கேட்டன. மேதைகளின் காதில் இதெல்லாம் விழாது. டார்லீன் மட்டும் ஒருமுறை கையைத் தூக்கினாள். அவர் கண் மூடியிருந்ததால் கை இறங்கிவிட்டது.

"இறுதியாக, ஆயுதம்!" கண்ணைத் திறக்காமலே பின்னால் கையை நீட்டினார். திறந்திருந்த ஜன்னலில் ஒரு ஒயர் தொங்கியது. அதன் முனையில் சோப்பு அளவில் ஒரு கருவி. "ஆதாரம் எண் பதினாலு! கொலையாளி, அல்லது கொலையாளிகள், அதிகாலையின் அமைதியில், அன்பு என்ற கொடிய நோக்கத்தோடு, இப்படிச் செருகி, இப்படி அழுத்தினார்கள்!"

அழுத்தினார்.

கருவி 'பீப்' என்றது. திரையில் ஒரு கேள்வி வந்தது: அனைத்தையும் அழிக்கவா?

"கருவியே கேட்கிறது பாருங்கள், நிச்சயமா என்று! அப்போதும் அவர்கள் மனம் கலங்கவில்லை. மறுபடி அழுத்தினார்கள்!"

மறுபடி அழுத்தினார்.

'பீப்.'

டார்லீன் சிலுவை போட்டுக்கொண்டாள். கஸ்ஸின் கையிலிருந்த டோனட் விழுந்தது. ஹால்வர்சன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்று ஐம்பத்திரண்டு.

துதுஞ்சியன் கண்ணைத் திறந்தார். கையிலிருந்த கருவியைப் பார்த்தார். ஒயர் போகும் திசையைப் பார்த்தார். ஜன்னல். வெள்ளைக் கதவு. சாவி போட்டு விளக்கெரியும் கார். இரண்டு நாள் உழைப்பு, மூன்று முறை பிரேக் தொடாத சரிவு, பதினாறு பேரின் ரத்தம். முகத்தில் இருந்த கொஞ்சநஞ்ச நிறமும் வடிந்தது. முதல்முறையாக, கண்ணை மூடாமல் ஓர் உண்மையைச் சொன்னார்.

"நான் ஒரு முட்டாள்."

கஸ் ஆமோதித்துத் தலையாட்டினார்.

"லொரேனா எங்கே? அவள் முகத்தில் நான் எப்படி... ஏதாவது செய்ய முடியுமா டெல்பர்ட்? என் காரை அவளுக்குக் கொடுத்துவிடுகிறேன். இப்போதே. எடுத்துக்கொள்ளட்டும்."

"கொடுக்க முடியாது சார்," என்றார் டெல்பர்ட்.

அப்போது மைசீ தெருவைக் கடந்து வந்தாள். ஒரு கையில் ஐஸ் காப்பி, இன்னொரு கையில் போன்.

"பேசி முடிச்சாச்சா பாஸ்? லொரேனா டெஸ்ட்ல பாஸ் ஆகி நாப்பது நிமிஷமாச்சு. எல்லா டிக்கும் இருந்துச்சு. எதிர்த்த சூப்பர்மார்க்கெட்ல இருக்குற வண்டிப் பதிவு மெஷின்ல நானும் அவளும் ஸ்டிக்கர் எடுத்து ஒட்டி, இப்பத்தான் விசாலியா கிளம்பினா. உங்களைத் தொந்தரவு பண்ண வேணாம்னு சொன்னா. நீங்க அப்போ கப்பல்ல இருந்தீங்க." போனை நீட்டினாள். நம்பர் பிளேட்டின் மூலையில் புத்தம்புது ஸ்டிக்கர்.

ஹால்வர்சன் போனை வாங்கிப் பார்த்தார். ஸ்டாப்வாட்சை நிறுத்தினார். பிறகு, யாரும் எதிர்பாராதவிதமாக, டார்லீனைக் கட்டிப்பிடித்தார். "பக்கத்து வீட்டுக்காரன்ங்கற முறைலதான்," என்று சொல்லிக்கொண்டார்.

துதுஞ்சியன் ஒயரைக் கையில் பிடித்தபடியே நின்றார். "அப்படியானால்... இது யாருடைய கார்?"

மைசீ அப்போதுதான் அவர் கையிலிருந்ததைப் பார்த்தாள். ஐஸ் காப்பி பாதியில் நின்றது.

"பாஸ். அழுத்தலையே?"

"இரண்டு முறை."

கைப்பையைத் திறந்து ஓர் உறையை எடுத்தாள். காப்பி வட்டங்கள் போட்ட உறை. இப்போது பிரிக்கப்பட்டிருந்தது. "நேத்து உங்க கப்பைக் கழுவும்போது பிரிச்சுப் பார்த்தேன். உங்க பதிவும் இன்னியோட முடியுது. வந்ததுதான் வந்தோம், உங்களுதையும் சோதிச்சிருவோம்னு உள்ள விடச் சொன்னேன். நானே கருவியைச் செருகிப் பார்த்தேன் பாஸ். காலைல லொரேனா பின்னாடியே அம்பத்தஞ்சுல வந்ததுல, எல்லா டிக்கும் பளிச்சுன்னு இருந்துச்சு." ஒரு பெருமூச்சு விட்டாள். "இருந்துச்சு."

டெல்பர்ட் மேசைப் பக்கம் போனார். ஒரு பழைய ரசீதை எடுத்துப் பின்பக்கம் எழுத ஆரம்பித்தார்.

"மூன்று தடவையா?" என்றார் துதுஞ்சியன்.

"மூணு தடவை. ஏசி கூடாது."

ஹால்வர்சன் அருகில் வந்து தோளில் கை வைத்தார். "எங்க கேட்டுக்குள்ள மட்டும் நிறுத்திராதீங்க," என்றார். அது தலைவர்.

மாலையில் மைசீ பாதாம் பூ எஸ்டேட்ஸ் தெருமுனையில் நின்றாள். பதினாலாம் எண் கருவியில் மஞ்சள் அட்டையைத் திரும்பக் கட்டிப் பெட்டிக்குள் வைத்தாள். நோட்டைத் திறந்து, நூலில் தொங்கிய பென்சிலை நாக்கில் தொட்டு, நான்காவது வரியை எழுதினாள்.

வெள்ளி, பகல் 11.52. எண் 14. அ. துதுஞ்சியன், துப்பறிவாளர். காரணம்: உதவி.